லாயமும் திண்ணையும்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல உள. அரசர் வரிசையும், ஆலயங்களின் பெருமையும், அந்நியர் படையெடுப்பும், புலவர் பரம்பரையும் அவற்றிலே விரித்துரைக்கப்பட்டிருக்கின்றன. தெருவழியே நடந்துபோன சாதாரண மனிதனோ அவற்றில் அருமையாகவே தென்படுகிறான். பொழுதுபட்டதும் அவன் எங்கே தங்கினான்? அவன் ஓட்டிவந்த எருது எங்கே நீர் குடித்தது? அவனைத் தெருவோரம் ஒதுங்கச் செய்து விரைந்த குதிரையின் மேல் வீற்றிருந்தவர் யார்? அக்குதிரைக்குப் புல் அறுத்தவன் எங்கே படுத்துறங்கினான்?

இவை சிறிய கேள்விகள் போலத் தோன்றலாம். ஆயின், குடாநாட்டின் இயற்கையை அறிந்தோர் இவற்றைச் சிறியனவாகக் கொள்ளார். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே கீழிறங்கி நிலத்தடியிலே தேங்குகிறது. அந்நீரைக் கிணறு வெட்டியே மேலெடுக்க வேண்டும். கிணறு என்றால் அதற்கு உடைமையாளர் உண்டு. அதைச் சுற்றி வேலியும் உண்டு. ஆகவே, இம்மண்ணில் வழிப்போக்கன் ஓரிரவு தங்குவதென்பது, பிறரொருவருடைய நீரையும் நிழலையும் பெறுவதாகும். அது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை ஆராய்வோமாயின், யாழ்ப்பாணச் சமுதாயத்தின் உள்ளமைப்பே நம் கண்முன் தோன்றும். விலங்குகளையும் அவற்றோடு வழிநடந்த மனிதரையும் ஒருங்கே வைத்து அக்கதையை நாம் இங்கு நோக்க முயல்கிறோம்.

கதையின் தொடக்கத்திற் குதிரையே நிற்கின்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பொலனறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையை அது கூறுகின்றது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து கூடவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையேயாகும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால், காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியதாகும். ஏனைய வாணிபப் பண்டங்களை ஏற்றிவரும் கலம் உடைந்துபோனால், இரு சாராருக்கும் செம்பாதி.

இவ்வேறுபாட்டின் காரணம் தெளிவானது. யானையும் குதிரையும் போர்க் கருவிகள். அவற்றைக் கொண்டுவரும் வணிகன் நட்டத்துக்கு அஞ்சி வேறு துறைகளை நாடிவிடலாகாது என்பதே அரசனின் கவலை. குதிரையோடு வருபவனுக்குக் கரையிலே அடைக்கலமும், கடலிலே உடைந்ததற்கு ஈடும் கிடைக்கின்றன. நமது தீவுகளில் வந்து தங்குவோரைப் பற்றிப் பேசும் தொன்மையான எழுத்துச் சான்றுகளில் ஒன்றாகிய இக்கல்வெட்டிலேயே, தங்குவோனின் தகுதி அவனோடு வரும் விலங்கினால் நிருணயிக்கப்படுவதைக் காண்கிறோம்.

தமிழ்நாட்டுக் கரைகளிலும் நிலைமை இதுவே. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே கடல்வழி வந்த குதிரைகள் இறங்கியமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது; ஈழத்து உணவுப் பொருள்களும் அங்கு வந்திறங்கியமையை அதே நூல் பேசுகின்றது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. பாண்டியனுக்காகக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரே மாணிக்கவாசகரானார் என்பது நாடறிந்த புராணம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும் பொருளுக்கு வாங்கப்பட்டதையும், பேணும் முறை தெரியாமையால் அவை விரைவில் மடிந்ததையும் குறித்துள்ளார். குதிரை விற்ற வணிகர், குதிரை வைத்தியம் அறிந்தோரை இந்நாட்டுக்கு வரவிடவில்லை என்பதும் அவர் கூற்று. குதிரைகள் நெடுநாள் வாழ்ந்தால் வியாபாரம் குன்றிவிடுமல்லவா? குடிமக்களின் வரிப்பணம் அராபியக் குதிரையாக மாறி, ஓராண்டுக்குள் மண்ணோடு மண்ணாகியது.

இறக்குமதிக்கு ஆகும் இப்பெருஞ்செலவை நோக்கும்போது, கையகப்பட்ட நிலத்திலேயே குதிரையை இனவிருத்தி செய்யலாமே என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு எழுதல் இயல்பு. அந்த எண்ணம் செயல் வடிவம் பெற்ற இடமே நெடுந்தீவு. யாழ்ப்பாண அரசை 1619 இற் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுக்களின் தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். பசுத்தீவு என்ற பெயர் தமிழிலும் இதற்கு உண்டு. கால்நடைகளுக்கு ஏற்ற புல்வெளியும், விலங்குகள் தப்பிச் செல்ல முடியாதபடி நாற்புறமும் கடலும் இருந்தமையால், அந்நியர் தம் குதிரைகளையும் இங்கே கொணர்ந்து விட்டனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இத்தொழிலை விரிவுபடுத்தினர். தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு ஊர்களின் பெயர்களை அவர்கள் சூட்டினர். காரைநகர் ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஏனைய பெயர்கள் அவர்களோடு கப்பலேறிவிட்டன. டெல்வ்ற் என்ற பெயர் மாத்திரம், குதிரைகளைப் போலவே, இத்தீவில் எஞ்சிவிட்டது.

நெடுந்தீவுக்குச் செல்வோர் இன்றும் அங்கே குதிரை லாயத்தின் இடிபாட்டைக் காணலாம். பவளப்பாறைக் கல்லினாலும் சுண்ணச் சாந்தினாலும் கட்டப்பட்ட தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அத்தீவின் வளவுகளைச் சுற்றியுள்ள மதில்களும் அதே கல்லினாலானவைதாம். ஆனால் அவற்றுக்குச் சாந்து இல்லை. கல்லின் மேற் கல்லை அடுக்கிக் குடிமக்கள் தம் கைகளாலேயே எழுப்பிய மதில்கள் அவை. அரசின் குதிரைக்குச் சாந்து பூசிய தூண். ஆண்டு முழுவதும் கடலோடும் வரட்சியோடும் போராடிய குடியானவனுக்குப் பனையோலைக் கூரை. ஒல்லாந்தர் ஆட்சியிலே ஊழியம் என்னும் கட்டாய வேலை நடைமுறையில் இருந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கோட்டையும் வீதியும் வாய்க்காலும் குடிமக்களின் முதுகெலும்பின் மீதே எழுந்தன. யானை வாணிபமும் அவ்வாறே. வன்னிக் காட்டிலே பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு நடத்திவரப்பட்டு, விற்பனையாகிக் கப்பலேறின. யாழ்ப்பாண நகரிலே ஆனைப்பந்தி என்ற இடப்பெயர் இன்னும் வழங்குகின்றது. யானை கட்டிய இடத்துக்குப் பெயர் நிலைத்திருக்கின்றது. அதனைக் காட்டிலிருந்து நடத்திவந்த பாகர் படுத்த இடத்தைச் சுட்டும் பெயரை நாம் எங்கும் காணோம்.

பிரித்தானியர் 1795 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நாலாவது இலங்கைப் படைப்பிரிவைச் சேர்ந்த நோலன் என்னும் அயர்லாந்துக்காரர் நெடுந்தீவின் நிருவாகத்தை நடத்தினார். அவரைத் தீவின் ராசா என்றே பேசும் மரபு இருந்தது. குதிரை வளர்ப்பு அவர் காலத்திலும் தொடர்ந்தது. ஆயின், தீவின் குதிரைகள் உருவிற் சிறுத்தவை. காலப்போக்கில் அவற்றை வளர்ப்பதிலும் பிறநாட்டுக் குதிரைகளை வாங்குவதே இலாபம் என்று கண்ட அரசு, அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அத்தொழிலைக் கைவிட்டது. லாயம் பாழடைந்தது. குதிரைகள் புல்வெளியிலே கட்டற்றுத் திரிந்து காட்டுக் குதிரைகளாயின. இலாபம் உள்ளவரை சாந்து பூசிய தூண்களுக்கிடையே பேணப்பட்ட விலங்கு, இலாபம் நின்றதும் வெட்டவெளியில் விடப்பட்டது. இது விலங்குக்கு மாத்திரம் நேர்ந்த கதையன்று என்பதைத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைப் படித்தோர் அறிவர்.

குதிரை வளர்ப்புக் கைவிடப்பட்டதாயினும், குதிரைமேல் அமர்ந்து ஆட்சி புரியும் முறை தொடர்ந்தது. இங்கிலாந்தின் அரசாங்க அதிபர்கள் தம் மாகாணத்தைச் சுற்றிவருதலைக் கடமையாகக் கொண்டிருந்தனர். 1829 இலிருந்து 1867 இல் இறக்கும்வரை பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் அதிபராக விளங்கிய டைக் துரை, சிற்றரசர் போன்றே வாழ்ந்தவர். இத்தகைய உத்தியோகத்தர் சுற்றுப் பயணத்தில் தங்குவதற்கென முக்கிய வீதிகளிலே வாடிவீடுகள் இருந்தன. வாடி என்பது நம்மூர்ச் சொல். கரைவலை இழுப்போர் கடற்கரையிலே பருவகாலத்தில் ஓலையினால் அமைக்கும் தங்குமிடத்தையே நாம் வாடி என்கிறோம். அதே சொல் துரைமார் தங்கும் ஓட்டுவீட்டுக்கும் பெயராயிற்று. ஆனையிறவிலே ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையே பின்னர் வாடிவீடாக மாற்றப்பட்டது. வாடிவீட்டிலே அரசாங்க உத்தியோகத்தருக்கே முதலிடம். துரையின் குதிரைக்கு அங்கே கொட்டில் உண்டு. கொள்ளும் புல்லும் உண்டு.

குதிரையோடு ஒரு மனிதனும் வந்தான். அவனைக் குதிரைக்காரன் என்றனர். இலங்கையிலே இத்தொழில் புரிந்தோரிற் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தமிழர். துரை ஏறி வருவார். குதிரைக்காரன் பின்னே ஓடி வருவான். துரை இறங்கியதும் அவன் வேலை தொடங்கும். குதிரையின் வியர்வையைத் துடைக்க வேண்டும். நீர் காட்ட வேண்டும். கொள் அவிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து சேணம் பூட்ட வேண்டும். அவனுக்கெனத் தனி அறை இல்லை. குதிரையின் அருகிலேயே வைக்கோலின் மீது படுத்தான். ஓடிவந்த களைப்புக் குதிரைக்கு உண்டென்பதை உணர்ந்த ஆட்சி, அதே தூரத்தை ஓடிவந்த மனிதனுக்கும் அக்களைப்பு உண்டென்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

குதிரை ஆட்சியின் சின்னமாகவே மக்களுக்குத் தோன்றியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டலாம். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணிபுரிந்தார். ஒருநாள் அவர் தம் மேலதிகாரியோடு யாழ்ப்பாணத்து வீதியிலே குதிரைமீது நின்று, ஒரு கட்டடம் தெருவுக்குள் நீண்டிருப்பதைச் சவுக்கினாற் சுட்டிக் காட்டினார். அவ்வழியே வண்டியில் வந்த வழக்கறிஞர் ஹரி சந்திரசேகரா, வுல்ப் வேண்டுமென்றே சவுக்கினால் தம் முகத்தில் அடித்தார் என்று குற்றஞ்சாட்டினார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் தேசாதிபதிக்கு முறைப்பாடு செய்தது. 1961 இல் வெளியான தம் சுயசரிதையின் இலங்கைப் பகுதியிலே வுல்ப் இதனை நினைவுகூர்கின்றார். தாம் அடிக்கவில்லை என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும், அம்மக்களின் நகரத்து வீதியிலே தாம் குதிரைமேல் இறுமாந்து அமர்ந்திருந்ததே அவர்கள் முகத்தில் அறைந்ததற்கு ஒப்பானதன்றோ என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்கின்றார். வுல்பின் நேர்மையை நாம் மதிக்கின்றோம். அதே வேளையில், அன்று முறைப்பாடு செய்தோர் நகரத்துக் கற்றோர் என்பதையும் குறித்துக்கொள்வோம். குதிரைமேல் இருந்தவரால் அவமதிக்கப்பட்டதாக முறையிட அவர்களுக்குச் சங்கம் இருந்தது. அவர்களுடைய திண்ணைகளின் கீழே நின்றோருக்கு எந்தச் சங்கம் இருந்தது? அதனை அறிய, துரைமாரின் பாதையை விட்டு நம்மவர் நடந்த பாதைக்கு வருவோம்.

நம்மவரின் விலங்கு எருது. வண்டில் கட்டியும் பொதி ஏற்றியும் அவர்கள் வழிநடந்தனர். யாழ்ப்பாணத்துப் புகையிலை நெடுங்காலமாகத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. தோட்டங்களிலிருந்து பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை முதலிய துறைகளுக்கு அச்சிப்பங்கள் வண்டில்களிலேயே சென்றன. வன்னியிலிருந்து நெல்லும் மரமும் வந்தன. இரவிலே வண்டில்கள் வரிசையாகச் செல்லும். மாடு களைத்த இடத்திலே மனிதனும் தங்க வேண்டும். இத்தேவையிலிருந்தே நமது தெருவோர மடங்கள் பெருகின. புகையிலையாலும் உத்தியோகத்தாலும் பொருள் சேர்த்தோர் புண்ணியம் கருதி அவற்றைக் கட்டுவித்தனர். கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம், மடத்துவெளி என ஊர்ப்பெயர்களாகவே அவை நம் நாவில் வழங்குகின்றன.

மடத்தின் அமைப்பை நோக்கினால், அது விலங்கையும் மனிதனையும் ஒருங்கே எண்ணிக் கட்டப்பட்டது என்பது புலனாகும். கூரையின் கீழ் உயர்ந்த திண்ணை. அதன்மேல் வழிப்போக்கன் படுப்பான். அருகே கிணறு அல்லது கேணி. கிணற்றோடு சேர்ந்து மாடுகள் நீர் குடிக்கத் தொட்டி. சற்றுத் தள்ளி ஆவுரஞ்சிக் கல். தினவெடுத்த மாடு தன் உடலை உராய்ந்து ஆறுதல் அடைவதற்கென்றே நாட்டப்பட்ட கல் அது. தலைச்சுமையோடு வருவோன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றுவதற்காக ஆளுயரத்திலே சுமைதாங்கி. வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைக்கும் வழக்கமும் இருந்தது. தாங்காது போன ஒருத்தியின் சுமையை, வழியிற் செல்லும் யாரோ ஒருவரின் சுமையைத் தாங்குவதால் ஆற்றலாம் என்று நம்பிய மக்களின் உள்ளம் எத்துணை மென்மையானது! பருத்தித்துறையிலே தும்பளைக்குச் செல்லும் வழியிலுள்ள தெருமூடிமடம் இக்கலையின் சிறந்த எடுத்துக்காட்டு. தெருவே அதன் நடுவாகச் செல்கின்றது, இரு மருங்கும் திண்ணைகள், மேலே கூரை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க நினையாதவனும் அந்நிழலினூடே சென்றாக வேண்டும்.

இதனை நம் முன்னோரின் அறவுணர்வு என்று போற்றுவோர் உளர். நாமும் போற்றுகிறோம். ஆயினும் அந்த அறத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையை மறைத்துவிட்டு அறத்தை மாத்திரம் பாடுதல் வரலாறாகாது.

மடத்துத் திண்ணையில் ஏறும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. கிணற்றிலே பட்டையைத் தொடும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கவில்லை. ஒல்லாந்தர் 1707 இற் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகள் இடம்பெற்றன. மனிதர் உடைமைப் பொருளாகக் கைம்மாறிய சமுதாயம் இது. இலங்கையில் அடிமை முறை 1844 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் தோட்டத்திலே துலா மிதித்தவனும், பனையேறியவனும், புகையிலைச் சிப்பத்தைத் தலையிற் சுமந்தவனும் முன்போலவே தெருவோரமே நின்றனர். சிப்பம் ஏற்றிய வண்டிலின் எருது தொட்டியில் வாய் வைத்துக் குடித்தது. சிப்பத்தைச் சுமந்தவன் கிணற்றடிக்குப் புறத்தே நின்று, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை கையேந்திக் காத்திருந்தான். எருது ஆவுரஞ்சிக் கல்லிலே முதுகைத் தேய்த்தது. அவன் முதுகு சாயத் திண்ணை இல்லை.

இக்கூற்று மிகைப்படுத்தப்பட்டதெனச் சிலர் எண்ணலாம். அவர்கள் நம் ஆலயங்களின் வேட்டைத் திருவிழாவை நினைத்துப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தில் உயிருள்ள குதிரையைக் கண்டோர் அக்காலத்தில் மிகச் சிலரே. பெரும்பாலோர் கண்டது கோயிலின் மரக்குதிரையைத்தான். முன்கால்களைத் தூக்கிப் பாயும் அந்த வாகனத்தின் மேல் சுவாமி வேட்டைக்கு எழுந்தருளும்போது ஊரே திரளும். ஒடுக்கப்பட்ட மக்கள் மதிலுக்கு வெளியே நின்றனர். மரத்தாலான குதிரை ஆலயத்தினுள்ளே வாகனசாலையிற் கூரையின் கீழே தங்கியது. அந்த வேலைக்கு மரம் தறித்துக் கொடுத்தவன் உள்ளே கால் வைக்க முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் போக்குவரத்து மாறியது. 1902 இலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகைவண்டி ஓடியது. 1905 இலே கொழும்புவரை பாதை இணைந்தது. ஓரிரு நாளிற் கடந்த வழியைச் சில மணி நேரத்திற் கடக்கலாயினர். பஸ் வண்டிகளும் சயிக்கிள்களும் பெருகின. மடங்களிலே இரவு தங்குவோர் குறைந்தனர். மடம் இருந்த சந்திகளிலே வேறொன்று தோன்றியது. அதுதான் தேநீர்க் கடை. வழிப்போக்கன் களைப்பாறுவதும், ஒரு மிடறு பருகுவதும், ஊர்ப் புதினம் கேட்பதும் இப்போது அங்கேதான். மடத்துத் திண்ணையின் வாரிசாகத் தேநீர்க் கடையின் வாங்கு வந்தது. திண்ணையின் பழைய விதியும் வாங்கோடு கூடவே வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கடையின் வெளியே, சிரட்டையிலும் தகரப்பேணியிலும் போத்தலிலும் தேநீர் கொடுக்கப்பட்டது. காசு மாத்திரம் எல்லோரிடமும் ஒரே கையால் வாங்கப்பட்டது.

அறுபதுகளின் போராட்டத்தை இப்பின்னணியில் வைத்தே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னரும் முயற்சிகள் நடந்தன. பாடசாலைகளிலே சம ஆசனம் கோரி இருபதுகளின் இறுதியில் எழுந்த கிளர்ச்சியும், அக்காலத்து வாலிபர் காங்கிரசின் பணியும், நாற்பதுகளிலே தோன்றிய சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் உழைப்பும் மறக்கற்பாலனவல்ல. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சட்டம் ஏட்டிலே கிடந்தது. வாங்குகள் முன்போலவே இருந்தன. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடிக்கு உள்ளாயிற்று. ஆயினும் அது கலைந்துபோய்விடவில்லை, முற்றவெளியிலே கூட்டமாக நிறைவுற்றது. அடுத்த ஆண்டிலே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் நெல்லியடியிலும் கொடிகாமத்திலும் தேநீர்க் கடைகளின் முன்னே போராட்டம் நடந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயில் போராட்டக் களமாயிற்று. உயிர்களும் பலியாயின.

ஒரு கோப்பைத் தேநீருக்காக இத்தனை இரத்தமா என்று அன்று கேலி செய்தோரும் இருந்தனர். வழியிற் களைத்தவன் உட்காருவதற்கான உரிமையை நம் சமுதாயம் பல நூற்றாண்டுகளாக மறுத்துவந்தது என்பதை அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார். அந்த வாங்கில் அமர்ந்தவன், தன் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் கிடைக்காத திண்ணையிலேயே அமர்ந்தான்.

பின்னர் ஓர் இரவு வந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள், போர் நெருங்கிய வேளையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழை பெய்தது. கால் வைக்க இடமின்றித் தெரு நிறைந்தது. கோயில் மண்டபங்களும், பாடசாலைகளும், மடங்களும், மரநிழல்களுமே அவர்களுக்குப் புகலிடமாயின. தலைமுறை தலைமுறையாகத் திண்ணையின் மேலே இருந்தவரும் அன்று யாரோ ஒருவருடைய கிணற்றடியிலே நீருக்காகக் காத்து நின்றார். வழிப்போக்கனாதல் என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்தார் யாவரும் ஒரே இரவிற் கற்றுக்கொண்டோம். அக்கல்வியை அதன் பின்னர் எத்துணை மறந்துவிட்டோம் என்பது நாம் ஒவ்வொருவரும் தனியே கேட்டுக்கொள்ள வேண்டியது.

இறுதியாக நெடுந்தீவுக்கு மீண்டும் வருவோம். 2015 இல் அத்தீவின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர், தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. காட்டுக் குதிரைகள் இன்று சுற்றுலாப் பயணிகளின் காட்சிப் பொருளாகியுள்ளன. குறிகட்டுவானிலிருந்து படகேறி வருவோர் அவற்றைப் படம் பிடித்துச் செல்கின்றனர். வரட்சி கடுமையாகும் ஆண்டுகளிலே அக்குதிரைகள் நீரின்றி மடிகின்றன. நன்னீர்க் கிணறுகள் சிலவற்றையே நம்பிய தீவு அது. அதே வரட்சியிலே மக்களும் குடத்தோடு காத்து நிற்கின்றனர். குதிரையின் தாகமும் மக்களின் தாகமும் அங்கே ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒருங்கே தீர்க்கும் திட்டமே நியாயமான திட்டமாகும்.

குதிரையோடு தங்குதல் உலகின் வேறு நாடுகளிலே இன்று இனிய பொழுதுபோக்கு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒகையோ, இந்தியானா, மிச்சிகன், விஸ்கொன்சின் முதலிய மாநிலங்களின் பூங்காக்களிலே குதிரையோடு வந்து கூடாரமடிப்போருக்கெனத் தனியிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. குதிரையை இழுவண்டியில் ஏற்றிவந்து, தறியிற் கட்டி, நீர் காட்டி, மறுநாட் காட்டுவழியே சவாரி செய்கின்றனர். உழைத்துக் களைத்தோர் விடுமுறையை இயற்கையோடு கழித்தல் நல்லதே. ஆனால் அந்நிலத்துக்கும் ஒரு நினைவு உண்டு. 1838 இல் இந்தியானாவில் வாழ்ந்த பொட்டவாட்டமி என்னும் ஆதிக்குடிகள் ஏறத்தாழ 850 பேர் ஆயுதந்தாங்கிய படையினரால் மேற்கே கன்சாஸ் வரை நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலே நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; அவருட் பெரும்பாலோர் குழந்தைகள். அவர்கள் இரவு இரவாகத் தங்கிய இடங்களும் தங்குமிடங்களே. எந்த நாட்டிலும் ஒரு தங்குமிடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அங்கே தங்கியவரோடு, தங்கவிடாது துரத்தப்பட்டவரையும் எழுத வேண்டும்.

நம்மவர் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. குடாநாட்டின் மடங்களிற் பல இடிந்துவிட்டன. சில வீதி அகலிப்பில் மறைந்தன. சில போரில் அழிந்தன. ஆவுரஞ்சிக் கற்கள் பல வேலியோரங்களிலே சாய்ந்து கிடக்கின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரிலுள்ள மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல் ஆகியவற்றைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். அதை யார் கட்டுவித்தார் என்று கல்வெட்டே சொல்லிவிடும். அவ்வளவில் நின்றுவிடலாகாது. அயலிலுள்ள முதியோரிடம் சென்று, அந்தத் திண்ணையில் யார் ஏறவில்லை, அந்தக் கிணற்றில் யார் அள்ளவில்லை, அவர்கள் எங்கே நீர் குடித்தார்கள் என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர். கல் இன்னும் சில காலம் நிற்கும், அவர்கள் நிற்கமாட்டார்கள். ஆதலால், முதலில் அவர்களிடம் செல்வோம்.